சீனாவுக்கு ஊழியப் பயணம்: அங்கே கிடைக்கும் அன்பு உபசாரமா, நட்பா?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய சபை வாலிபர் பன்னிரண்டு பேர், மலேசியாவில் உள்ள ஒரு சபையோடு சேர்ந்து இரண்டு வாரம் சீனாவுக்குப் போகிறார்களாம். முன்பு போய் வந்த தோழி ஒருத்தி, “அப்படி ஓர் அன்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை, கிளம்பும்போது எல்லோரும் அழுதுவிட்டோம்” என்று சொன்னாராம். அது உண்மையான நட்பா, இல்லை விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை மட்டும்தானா? மொழி தெரியாமல் இரண்டு வாரத்தில் யாரோடாவது சிநேகமாக முடியுமா? சாப்பாட்டு மேசையில் இயேசுவைப் பற்றிப் பேசலாமா? இப்படி மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. எதையோ கொடுக்கலாம் என்று நினைத்துப் போகிறோம். அங்கே நம்மை உட்காரவைத்து அவர்கள் கொடுக்கிறார்கள். அப்போது நாம் எப்படி நடந்துகொள்வது?

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் 2015 வரை ஹாங்காங்கில் ஒரு திருச்சபை அமைப்பில் வேலை பார்த்தேன். இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று பல இடங்களிலிருந்து வரும் சபைக் குழுக்களைச் சீனாவுக்குள் கூட்டிப்போய்ச் சபைகளைப் பார்க்கவைத்துத் திரும்பக் கூட்டி வருவது என் பொறுப்பு. மண்டரின் பேசுவேன், எழுத்து வாசிப்பு குறைவு. அதிகம் போனது ஃபூஜியன், ஹெனான், யுன்னான் மாநிலங்களுக்கு. ஆகவே நான் சொல்லப்போவது பெரும்பாலும் கிராமத்து, சிறுநகரத்து மனிதர்களைப் பற்றியது, அதிலும் அரசிடம் பதிவு பெற்ற சபைகளைச் சேர்ந்தவர்களைப் பற்றியது. ஷாங்காய் மாதிரி நகரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அவர்களில் பலர் நம் ஊர் ஐ.டி. பிள்ளைகள் மாதிரி ஹோட்டல் பில்லைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்.

உபசாரமா நட்பா என்ற கேள்விக்குச் சீன மொழியிலேயே ஒரு விடை இருக்கிறது. ‘கெரென்’ என்றால் விருந்தாளி. ‘ஸீஜிரென்’ என்றால் நம்ம ஆள். முதல் நாள் நீங்கள் சந்தேகமில்லாமல் கெரென். வாசலைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலி உங்களுடையது, அதுதான் மரியாதைக்குரிய இடம். முதலில் குளிர்ந்த பதார்த்தங்கள் வரும், அப்புறம் சூடான வறுவல்கள், முழு மீன், கோழி, சூப், கடைசியில்தான் சோறு அல்லது நூடுல்ஸ். பத்து பன்னிரண்டு தட்டு நிரம்பிய மேசையைக் காட்டி, “சாப்பிட ஒன்றுமே இல்லை, மன்னிக்கவேண்டும்” என்பார்கள். உங்கள் கிண்ணம் காலியானால் வீட்டுக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார். முழுக்கத் துடைத்துச் சாப்பிட்டால் போதவில்லை என்று அர்த்தம், மறுபடி நிரப்புவார்கள். கொஞ்சம் மிச்சம் வைப்பதுதான் வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இலையில் மிச்சம் வைத்தால் திட்டு வாங்கி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் கடமை, வழக்கம். அந்த வீட்டின் மானமும் இதில் இருக்கிறது. ஆனால் கடமை என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் அம்மா முதலில் கேட்பது “சாப்பிட்டீங்களா” என்பதுதானே, அதை வெறும் சம்பிரதாயம் என்று நாம் சொல்வோமா? அங்கேயும் அதே கேள்விதான், “ச்சி ல மா?” கிளம்பும்போது “மான் ஸௌ” என்பார்கள், மெதுவாகப் போங்கள் என்று பொருள். நாம் “பாத்துப் போங்க” என்பதும் அதுவும் ஒன்றுதான். வாசலோடு நிற்காமல் தெருமுனை வரை, சில வீட்டில் பஸ் ஏறும் இடம் வரை கூடவே வருவார்கள். வேண்டாம் என்று நீங்கள் தடுத்தாலும் நடப்பார்கள். தமிழ் ஆட்களுக்கு இந்த உபசாரம் உடனே பிடிபட்டுவிடும்.

நட்பு தொடங்கியதற்கு அடையாளம் வேறு. தட்டுகள் குறையும். ஹெனானில் ஒரு வீட்டுக்கு நான் நான்காவது முறை போனபோது அந்த அம்மா என்னை வாசல் பார்த்த நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. ஒரு பூண்டை என் கையில் கொடுத்து உரி என்றார். ஜியாவ்ஸ பிடித்துக்கொண்டிருந்தார்கள், நம் கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் பூரணம் வைத்து மடித்துத் தண்ணீரில் வேகவைப்பது. நான் மடித்தவற்றில் பாதி வெந்நீரில் வாய் பிளந்துவிட்டன. வீடு முழுக்கச் சிரித்தது, பிறகு அவற்றையே முதலில் எடுத்துச் சாப்பிட்டார்கள். நான் “நன்றி” என்றபோது அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “நம்ம ஆளுக்குள்ளே நன்றி என்ன?” என்று கேட்டார். நாமும் வீட்டுக்குள் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, யோசித்துப் பாருங்கள். ஆகவே தோழி பார்த்த பன்னிரண்டு தட்டு விருந்து உபசாரம்தான், நட்பின் வாசல் என்று சொல்லலாம். யாராவது உங்களைச் சமையலறைக்குள் விட்டால், நேற்று மீந்ததைச் சூடு பண்ணிக் கொடுத்தால், உங்கள் சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நேரடியாகக் கேட்டால், வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் அது நடக்குமா? ஒரே ஊரில் தங்கினால் நடக்கலாம். பத்து நகரம் சுற்றினால் நடக்காது. உங்கள் குழுத் தலைவரிடம் இதை வற்புறுத்திச் சொல்லுங்கள்: ஊர்களைக் குறைத்து, ஒரே ஊரில் நாட்களைக் கூட்டச் சொல்லுங்கள்.

இனி இந்தக் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. விருந்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர் நம்மிடம் சொல்லமாட்டார். 2008 குளிர்காலத்தில் ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவை ஃபூஜியன் மலைக்கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். சபை மூப்பர் ஒருவர் எழுபதைத் தாண்டியவர், மனைவி இறந்துவிட்டார். எங்களில் பெண்கள் நான்கு பேர் அவர் வீட்டில் தங்கினோம். வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்காமல் ஒரு வீட்டில் தங்கினால் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு அந்தப் பெரியவரே மழையில் கீழே உள்ள ஊருக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். இரவில் மின்சாரப் போர்வை போட்ட கட்டிலை எங்களுக்குக் கொடுத்தார். அவர் எங்கே படுத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அதிகாலையில் சபைக் கோவிலைப் பார்க்கப் போனபோது, கம்பளியைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் படுத்திருந்தவரைப் பார்த்தோம்.

அதோடு முடிந்திருந்தால் இதை அழகான ஒரு கதையாகச் சொல்லியிருப்பேன். எங்கள் குழுவில் ஓர் இளைஞர், நல்ல பையன், ஆர்வம் அதிகம். எனக்குத் தெரியாமல் சீன மொழிக் கைப்பிரதிகளை, அதாவது சுவிசேஷத் துண்டுப் பிரசுரங்களை, பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார். கீழே உள்ள ஊரின் பஸ் நிலையத்தில் முப்பது நாற்பது பேருக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டவர் தைரியம் தந்தார் என்று சந்தோஷமாக வந்து சாட்சி சொன்னார். நாங்கள் மறுநாள் கிளம்பிவிட்டோம். எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நான் தனியாக அங்கே போனபோது பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய மருமகள்தான் பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னாள். நாங்கள் போன பிறகு அவரை இரண்டு நாள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். வீட்டில் யார் தங்கினார்கள், யார் அழைத்தார்கள், காகிதம் எங்கிருந்து வந்தது என்று. பதிவேட்டில் தங்கவைத்தவர் பெயராக இருந்தது அவருடைய பெயர். சில மாதம் அவர் மூப்பர் பொறுப்பிலிருந்து விலகி இருக்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று புறப்படும் முன்பே கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

சட்டத்தைப் பற்றி, உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவே சொல்கிறேன். வெளிநாட்டவரின் மத நடவடிக்கைகளுக்கென்று சீனாவில் 1994இல் தனி விதிமுறை வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விவரமான புதிய விதிகள் 2025 மே 1 முதல் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற ஆலயத்தில் நீங்கள் போய் உட்கார்ந்து ஆராதிக்கலாம். பிரசங்கம் செய்வதென்றால் மாநில அளவிலோ தேசிய அளவிலோ உள்ள மத அமைப்பு முறைப்படி அழைத்திருக்க வேண்டும். அந்தக் கிராமத்துப் போதகர் வாய்வார்த்தையாக “இரண்டு நிமிஷம் பேசுங்கள்” என்பது அழைப்பு ஆகாது. சொந்த உபயோகத்துக்கு வேதாகமம் கொண்டுபோகலாம். கைப்பிரதி விநியோகம், சீனக் குடிமக்களை மதத்தில் சேர்ப்பது, அவர்களுக்கு ரகசியமாக வகுப்பு நடத்துவது எதற்கும் அனுமதி இல்லை. வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிவு என்பது 2013 ஜூலையிலிருந்து அமலில் உள்ள சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஊருக்கு ஊர் மாறுவது, இதை அங்குள்ள அதிகாரி எவ்வளவு கறாராகப் பார்க்கிறார் என்பதுதான். நான் போன காலத்தில் பல இடங்களில் கண்டும் காணாமல் விட்டார்கள். 2018 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத விவகார விதிகள் வந்த பிறகு பொதுவாக இறுக்கம் கூடியிருக்கிறது. எனவே பழைய ஆட்கள், நான் உட்பட, “அப்போது ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த விசாவில் போகிறீர்கள், அழைப்பது யார், ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தப்பு நடந்தால் நமக்கு வருவது பெரும்பாலும் ஒரு விமான டிக்கெட்டும் மறுபடி விசா கிடைக்காத கஷ்டமும். அந்த ஊரில் தொடர்ந்து வாழ வேண்டியவர்கள் அவர்கள்.

சீனாவில் ஏன் இவ்வளவு கூச்சம், ஏன் இவ்வளவு கெடுபிடி என்று வாலிபர்கள் கேட்பார்கள். பாதி விடை வரலாற்றில் இருக்கிறது. சீனத்தில் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று ஷியான் நகரத்தில் உள்ள ஒரு கல்வெட்டு, கி.பி. 781இல் நாட்டப்பட்டது. சிரியத் திருச்சபையைச் சேர்ந்த அலோபென் என்பவர் 635இல் வந்ததை அது சொல்கிறது. எப்படிச் சொல்கிறது தெரியுமா? பேரரசர் தன் அமைச்சரைப் பரிவாரத்தோடு நகரத்தின் மேற்குப் புறம் வரை அனுப்பி, விருந்தினராக எதிர்கொண்டு அழைத்துவந்தார் என்று. அதாவது அந்த நாட்டுக்கு நம் விசுவாசம் வந்து சேர்ந்த பதிவே ஒரு விருந்தோம்பலின் பதிவு. பிற்பாடு 1595இல் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி சீன மொழியில் முதன்முதலாக எழுதிய நூல் நட்பைப் பற்றியது. கோட்பாட்டு நூலையோ மறைக்கல்வியையோ அவர் முதலில் எடுக்கவில்லை. சீனப் படிப்பாளிகள் அதை விரும்பி வாசித்தார்கள், அந்த நட்புகள் வழியாகத்தான் அவர் பீஜிங் வரை போக முடிந்தது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கதை மாறிவிட்டது. அபினிப் போர்களில் தோற்ற சீனாவின் மேல் சுமத்தப்பட்ட ஒப்பந்தங்கள் மிஷனரிகளுக்கும் உரிமைகளை வாங்கிக் கொடுத்தன. பீரங்கிக் கப்பல் திறந்த கதவு வழியாகச் சுவிசேஷமும் போனது. தங்கள் உடலையும் உயிரையும் கொடுத்து உழைத்த மிஷனரிகள் எத்தனையோ பேர், அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. என்றாலும் “ஒரு கிறிஸ்தவன் கூடினால் ஒரு சீனன் குறைந்தான்” என்று ஒரு சொலவடையே அங்கே உண்டானது. 1950களின் தொடக்கத்தில் மேல்நாட்டு மிஷனரிகள் வெளியேறிவிட்டார்கள். 1966இல் கலாச்சாரப் புரட்சி வந்து கோவில்கள் எல்லாம் மூடப்பட்டன. 1979இல்தான் மறுபடி திறக்க ஆரம்பித்தன. 1949இல் சுமார் 7 லட்சமாக இருந்த புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், சீன அரசே 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி 3.8 கோடி. இதை வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை உரக்க வாசியுங்கள். வெளிநாட்டு மிஷனரி யாரும் இல்லாத வருஷங்களைத் தாண்டி வளர்ந்த சபை அது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தை விமானத்தில் ஏறும் முன் இறக்கி வைத்துவிட்டால் பாரம் குறையும்.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒன்றும் இருக்கிறது, நம் வாலிபர் சங்கங்களில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கூடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். அங்கே திருச்செந்தூர் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா பேசினார். 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், பின்னால் தோர்ணக்கல் பேராயர். மிஷனரிகளின் தியாகத்தை எல்லாம் மதிப்போடு சொல்லிவிட்டு, அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே நட்பு இல்லையே என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்பும் வேண்டும் என்று கேட்டார், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கத்தில் பலருக்கு அது கசந்தது. அதே மாநாட்டில் சீனாவிலிருந்து வந்த செங் ஜிங்யீ என்ற இளம் ஊழியர், முப்பது வயதுகூட ஆகாதவர், ஏழு நிமிடம் பேசினார். மேல்நாட்டுப் பிரிவுகளின் பெயரால் எங்களைப் பிரிக்காதீர்கள், சீனாவுக்கு ஒரே சபை போதும் என்றார். ஒரு தமிழரும் ஒரு சீனரும் ஒரே மாநாட்டில், கொடுக்கிறவர்களைப் பார்த்து, எங்களைச் சமமாக நடத்துங்கள் என்று கேட்டார்கள். இன்றைக்கு நாம் டிக்கெட் எடுத்துப் போகும்போது அந்தக் கொடுக்கிறவர் இடத்தில் நாம் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

அப்படியானால் மேசையில் இயேசுவைப் பற்றிப் பேசலாமா? கிறிஸ்தவ வீடு என்றால் நீங்கள் ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. “பிங்ஆன்” என்றுதான் வரவேற்பார்கள், சமாதானம் என்று பொருள், நாம் ஸ்தோத்திரம் சொல்வது போல. நீங்கள் எப்படி விசுவாசத்துக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நான் கேட்ட கிராமத்து ஆட்களில் பாதிக்கு மேல் ஒரு வியாதியிலிருந்தோ ஒரு பாட்டியிலிருந்தோதான் தொடங்குவார்கள். பாடச் சொன்னால் தமிழில் ஒரு கீர்த்தனை பாடுங்கள், அவர்களும் பாடுவார்கள். யுன்னான் மலைகளில் லிசு மக்களின் கோவிலில் சாதாரண விவசாயிகள் நான்கு குரலில் சேர்ந்து பாடுவதைக் கேட்ட பிறகு எங்கள் குழுவில் ஒருவருக்கும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. ஆராதனை முடிந்ததும் வரிசையாக நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு ஒரு லிசு வார்த்தையும் தெரியாது, அது தேவைப்படவும் இல்லை.

வீட்டுக்காரர் கிறிஸ்தவர் இல்லை என்றால்? அவராகக் கேட்டால் மறைக்காமல், சுருக்கமாக, கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்றுத்தருகிறோம், நட்பாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மனதில் வேறு கணக்கு வைத்துப் பழகும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாணவர்களுக்கு அது ஒருநாள் தெரியவரும், தெரிந்தால் மனது விட்டுப்போகும். நட்பைத் தூண்டிலாக்குவது நம் வேதத்துக்கும் அடுக்காது என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு உடன்படாத ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பாரத்தை நான் சந்தேகிக்கவில்லை.

சில நடைமுறை விஷயங்கள். வயதானவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நம்மைப் போலவே முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ‘நைநை’ என்றால் பாட்டி, ‘ஆயீ’ என்றால் அத்தை, சித்தி மாதிரி. இந்த இரண்டு வார்த்தையும் சரியாகச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவர்களுக்கு ஊதுவத்தி வைப்பது போல இருக்கும். கடலோர ஊர்களில் மீனைத் தட்டில் திருப்பிப் போடாதீர்கள், படகு கவிழும் என்பது மீனவர் நம்பிக்கை. சைவம் சாப்பிடுபவர்கள் “வோ ச்சி சூ” என்று சொல்லக் கற்றுக்கொள்ளட்டும், புத்த மதத்தவரா என்று கேட்பார்கள், இல்லை என்று சிரித்துச் சொன்னால் போதும். கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் வேத வசனத்தின்படி இரத்தம் சேர்த்த பண்டம் சமைக்கமாட்டார்கள். வெளியே விருந்து என்றால் மது வரும். வேண்டாம் என்று கிண்ணத்தை மூடுவது மரியாதையாக இருக்காது, தேநீரைக் கையில் எடுத்து மதுவுக்குப் பதில் தேநீர் என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து உயர்த்துங்கள். பெரியவர் கோப்பையைவிட உங்கள் கோப்பை சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு ‘ஐயென்’ என்று சபையே சேர்ந்து உண்பது பல இடங்களில் உண்டு, அன்பின் விருந்து என்று பொருள். நம் திருநெல்வேலிப் பக்கத்து அசனம் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அங்கே போய் உட்கார்ந்திருக்காமல் பரிமாறவோ பாத்திரம் கழுவவோ எழுந்திருங்கள். முதலில் தடுப்பார்கள், இரண்டாம் முறையும் தடுப்பார்கள், மூன்றாம் முறை விட்டுவிடுவார்கள்.

பரிசு கொண்டுபோங்கள், இரண்டு கையாலும் கொடுங்கள். இரண்டு மூன்று முறை மறுத்துவிட்டுத்தான் வாங்குவார்கள், உங்கள் முன்னால் பிரிக்காமல் எடுத்து வைத்துவிடுவார்கள், பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். சுவர்க் கடிகாரம் வேண்டவே வேண்டாம், ‘கடிகாரம் கொடுப்பது’ என்ற சொல்லும் இறுதிச்சடங்கு செய்வது என்ற சொல்லும் ஒரே ஒலி. குடையும் வேண்டாம், அது பிரிவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். விலை கூடிய பொருளும் வேண்டாம். வாங்கியதற்குச் சமமாகத் திருப்பிக் கொடுப்பது அவர்களுக்குக் கடன் மாதிரி, உங்கள் பெரிய பரிசு ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சுமையாகிவிடும். ஒரு நேரம் நீங்கள் சமைத்துக் கொடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே நல்ல பரிசு. ஹெனானில் ஒரு குழு மிளகு ரசம் வைத்தது. அங்கே காலை உணவாக ‘ஹூலாதாங்’ என்று மிளகுக் காரம் தூக்கலான ஒரு சூப் குடிப்பார்கள். ரசத்தை ஒரு வாய் குடித்த தாத்தா, “இது நம்ம ஹூலாதாங், தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது” என்றார். அன்று மாலை முழுக்க அந்த வீட்டில் அதே பேச்சு. நீங்கள் கொண்டுபோகும் ஊறுகாயை அறைக்குள் வைத்துச் சாப்பிடாதீர்கள், மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகப் படங்கள். அவர்கள் முகத்தையோ கோவில் பெயர்ப்பலகையையோ ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடாதீர்கள். யார் வீட்டில் யார் தங்கினார் என்பதற்கு அது சாட்சியாகிவிடும். எடுத்த படத்தைத் தாளில் அச்சடித்து, அடுத்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் நம் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்த ஃபூஜியன் பெரியவருக்கு 2009இல் நான் போனபோது எங்கள் குழுப் படத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். நடந்ததை மருமகள் சொன்ன பிறகு, அதைக் கொடுத்திருக்க வேண்டாமோ, கிழித்துவிடச் சொல்லலாமோ என்றுகூட நினைத்தேன். 2014இல் கடைசியாகப் போனபோது அந்தப் படம் அவர் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது, ஓரம் பழுத்துப்போய். கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. படத்தின் பக்கத்தில் போய் விரலால் தடவித் தேடி, கைப்பிரதி கொடுத்த அந்தப் பையன்மேல் விரலை வைத்தார். “இந்த உயரமான பிள்ளை எப்படி இருக்கிறான்? கல்யாணம் ஆகிவிட்டதா? அன்றைக்கு அவன் சரியாகவே சாப்பிடவில்லை” என்றார்.